தொடுவதற்கு முன்பே தொடங்கும் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களைப் பிரித்து, தூக்கி, மாட்டி, மீண்டும் பெட்டியில் அடுக்கி அனுப்பும் பணியாளர்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாக இணைத்திருக்கிறேன். 20 ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலையைச் செய்து வந்தவன் என்ற முறையில் பதில்களைத் தருகிறேன்.

கேள்வி: சுவரில் ஒரு படத்தை மாட்டுவதற்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு? ஆணியும் சுத்தியலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே?

பதில்: ஆணி அடிப்பது இந்த வேலையின் கடைசிக் கால்மணி நேரம் மட்டுமே. எந்தப் பொருள் காட்சிக்கு வர வேண்டும் என்பதைக் காப்பாட்சியர் முடிவு செய்கிறார். இரவல் ஒப்பந்தம், காப்பீடு, பொருளின் எண், அது இன்றைக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்ற கணக்கு ஆகியவற்றைப் பதிவாளர் வைத்திருக்கிறார். பொருளின் உடல்நிலையைப் பாதுகாப்பு வல்லுநர் கவனிக்கிறார். இந்த மூவரும் எடுக்கும் முடிவுகள் ஒரு பொருளின் மீது நடைமுறைக்கு வரும்போது, அதைத் தொடும் கைகள் எங்களுடையவை. அதோடு பீடம் செய்வது, சுவருக்கு வர்ணம் பூசுவது, பொருளைத் தாங்கும் பித்தளைக் கம்பிகளை வளைத்துப் பொருத்துவது, விளக்கைத் திருப்பி வைப்பது, பெயர்ப்பலகை ஒட்டுவது ஆகியவையும் காட்சி அமைப்பாளரின் பொறுப்பில் வருகின்றன. பெரிய அருங்காட்சியகங்களில் இவை தனித்தனிப் பிரிவுகள். சிறியவற்றில் எல்லாவற்றையும் ஒருவரே செய்வார்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பாருங்கள். சேமிப்பறையிலிருந்து ஒரு மண்குடுவையைக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கையை நீட்டுவதற்கு முன்பு, அது போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருக்கிறதா, அந்த மேசையில் மெத்தென்ற விரிப்புப் போடப்பட்டிருக்கிறதா, இடையில் எத்தனை கதவுகள், அவற்றைத் திறந்து பிடிப்பவர் யார், தரையில் மின்கம்பி ஏதும் குறுக்கே கிடக்கிறதா என்று வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். பிறகு மோதிரம், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். பெல்ட்டின் உலோகக் கொக்கிகூட ஒரு படத்தின் மேற்பரப்பைக் கீறப் போதுமானது. அதன் பிறகு குடுவையைத் தொடாமலேயே சுற்றி வந்து பார்க்க வேண்டும். பழைய ஒட்டு எங்காவது தெரிகிறதா? மூடி தனியாக இருக்கிறதா? மூடி இருந்தால் அதை முதலில் தனியே எடுக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. குடுவையை வனைந்தவர் கைப்பிடியைத் தனியாகச் செய்து ஒட்டியிருப்பார், அது பிற்காலத்தில் உடைந்து மறுபடியும் ஒட்டப்பட்டிருக்கவும் கூடும். ஒரு கை அடியிலும் மறு கை பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். நாற்காலியென்றால் முதுகுப் பகுதியையோ கைகளையோ பிடிக்காமல், இருக்கையைத் தாங்கும் சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். சட்டமிட்ட ஓவியமென்றால் இரண்டு பக்கங்களிலும், அல்லது ஒரு கை பக்கத்திலும் ஒரு கை அடியிலுமாகப் பிடிக்க வேண்டும். மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் பழைய மூலை இணைப்பு கழன்று வரும். இவ்வளவும் சேர்ந்து 40 நிமிடம் ஆகிறது என்றால், குடுவை காற்றில் இருந்த நேரம் அதில் 2 நிமிடம்கூட இருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: திரைப்படங்களில் பழைய சுவடிகளைத் தொடுபவர்கள் வெள்ளைப் பருத்திக் கையுறை அணிகிறார்களே, நீங்களும் அப்படித்தானா?

பதில்: இந்தக் கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. பழைய காகிதத்தையும் சுவடியையும் பெரும்பாலும் கழுவித் துடைத்த வெறுங்கையால்தான் தொடுகிறோம். பருத்திக் கையுறை போட்டால் விரல்நுனியின் உணர்வு மங்கிவிடுகிறது. தாளின் ஓரம் எவ்வளவு நொறுங்கும் நிலையில் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. துணியின் இழை கிழிந்த ஓரத்தில் மாட்டிக்கொண்டு கிழிசலை நீட்டிவிடும். பெரிய நூலகங்கள் தம் வாசகர்களுக்கே இந்த அறிவுரையைத் தருகின்றன. பளபளப்பான பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் பருத்தி வழுக்கும், ஆகையால் அங்கும் அது ஆபத்து.

உலோகமென்றால் கதை வேறு. வியர்வையில் உள்ள உப்பும் அமிலமும் மெருகேற்றிய வெள்ளியிலும் பித்தளையிலும் விரல்ரேகையாகவே அரித்து நின்றுவிடும். சில மாதங்கள் கழித்துத்தான் அது கண்ணுக்குப் புலப்படும், அப்போது துடைத்தால் போகாது. அதற்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை பொருத்தமானது. லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பர் கையுறையில் கந்தகம் கலந்திருப்பதால் வெள்ளிக்கு அது ஆகாது. பொன்பூச்சிட்ட சட்டங்களுக்கும், தடவினால் தழும்பு விழும் மேற்பரப்புகளுக்கும் நைட்ரைல்தான். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கையுறையை மாற்ற வேண்டும். அழுக்குக் கையுறை அழுக்குக் கையைவிட மோசமானது, ஏனென்றால் அணிந்திருப்பவருக்கு அந்த அழுக்கு உறைப்பதில்லை.

கேள்வி: கண்காட்சிகளில் சிறிய படமும் பெரிய படமும் ஒரே கோட்டில் நிற்பதுபோல் தோன்றுகின்றன. அதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: உண்டு. படங்களின் மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ ஒரே கோட்டில் வைப்பதில்லை, நடுப்புள்ளிகளைத்தான் வைக்கிறோம். தரையிலிருந்து அந்த நடுக்கோடு பெரும்பாலும் 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தை ஒட்டியது அது. சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் மிகுதியாகப் பார்க்கும் கூடமென்றால் இதைக் கீழே இறக்குவோம்.

கோடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தோடு சேர்த்துப் படத்தின் உயரம் 84 சென்டிமீட்டர். பின்புறக் கம்பியை, சுமை தாங்கும்போது இழுபடுவதுபோல் விரலால் மேலே இழுத்துப் பிடித்தால், அதன் உச்சிக்கும் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் இடையில் 11 சென்டிமீட்டர் இருக்கிறது. 150உடன் 84இல் பாதியான 42ஐக் கூட்டி, 11ஐக் கழித்தால் 181. கொக்கியின் வளைவு தரையிலிருந்து 181 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஆணி நுழையும் துளை கொக்கியின் வளைவுக்குச் சற்று மேலே இருக்கும் என்பதை மறந்து, 181இல் துளையிட்டுவிட்டுப் படம் தாழ்ந்து நிற்கிறதே என்று திகைக்காத புதியவரை நான் பார்த்ததில்லை. கனமான படங்களுக்குக் கம்பியை நம்புவதில்லை. சட்டத்தின் இருபுறமும் ஆங்கில ‘D’ எழுத்து வடிவிலான டி வளையங்களைத் திருகி இரண்டு புள்ளிகளில் தொங்கவிடுவோம். அப்போது இரண்டு கொக்கிகளுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் படம் சாய்ந்து நிற்கும், ஆகவே ரசமட்டம் இல்லாமல் எதுவும் நடக்காது.

இடைவெளிக்கும் கணக்கு உண்டு. 900 சென்டிமீட்டர் நீளச் சுவரில் 110, 95, 140, 75 என்ற அகலங்களில் நான்கு படங்கள் என்றால், அவற்றின் மொத்தம் 420, மிச்சம் 480, இரு ஓரங்களையும் சேர்த்து இடைவெளிகள் ஐந்து, ஒவ்வொன்றும் 96. ஆனால் இதை நான் முதல் வரைவாக மட்டுமே வைத்துக்கொள்வேன். அடர்த்தியான இருண்ட படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய பென்சில் ஓவியம் வந்தால், கணக்கின்படி சமமான இடைவெளியே கண்ணுக்கு நெருக்கமாகப் படும். அதனால் முதலில் படங்களைச் சுவரடியில் மெத்தைக்கட்டைகளின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிர்ச் சுவர்வரை போய் நின்று பார்ப்போம். காப்பாட்சியர் இரண்டை இடம் மாற்றச் சொல்வார், பிறகு மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார். அதில் சலித்துக்கொள்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

கேள்வி: வெளியிலிருந்து வந்த பெட்டிகளை ஒரு நாள் முழுவதும் திறக்காமல் வைத்திருந்ததை ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு மூன்று நாளே இருக்கும்போது ஏன் இந்தத் தாமதம்?

பதில்: அது தாமதம் இல்லை, வேலையின் ஒரு பகுதி. நல்ல பெட்டி என்பது உள்ளே நுரைமெத்தையாலும் ஓரங்களில் காற்றுப்புகா விளிம்பாலும் சூழப்பட்ட ஒரு சிறு அறை. வண்டியிலும் விமானத்திலும் வெளியே வெப்பம் எப்படி மாறினாலும், உள்ளே அந்த மாற்றம் மெதுவாகவே நடக்கும். குளிர்ந்த பெட்டியை வெதுவெதுப்பான கூடத்தில் உடனே திறந்தால், வெளியே எடுத்துவைத்த குளிர்ந்த பாத்திரத்தின் மேல் நீர் துளிர்ப்பதுபோலப் பொருளின் மேலும் ஈரம் படியலாம். மரப்பலகையில் தீட்டிய ஓவியத்தில் மரம் ஈரத்தை வாங்கி விரியும், மேலே இருக்கும் வர்ணப்படலம் அதோடு சேர்ந்து விரியாது. அங்கே வெடிப்பும் உதிர்வும் தொடங்கும். அதனால்தான் 24 மணி நேரம் மூடிய நிலையிலேயே காத்திருக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் பெட்டியின் மரத்துக்கும் விதி உண்டு: மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடேற்றி, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். மரத்துக்குள் இருக்கும் பூச்சிகள் எல்லை தாண்டாமலிருக்க அது ஏற்பாடு.

திறக்கும் காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணிட்ட பையில் போடுகிறோம். மூடியை இருவர் தூக்கி ஓரமாக வைக்கிறார்கள். நுரை எந்த அடுக்கில் எப்படி இருந்தது என்பதை முதலில் படமெடுக்கிறோம், திரும்ப அடுக்கும்போது அதே ஒழுங்கு வேண்டும். படத்தை மேசையில் கிடத்திய பிறகு கூடத்தின் விளக்குகளைக் குறைத்துவிட்டு, டார்ச்சை மேற்பரப்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்துப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மெல்ல நகர்த்துவோம். நேர்வெளிச்சத்தில் சமதளமாகத் தெரிந்த ஓவியம், அந்தச் சாய்வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமான நிலமாக மாறிவிடும். தூரிகையின் மயிர் ஒவ்வொன்றும் இழுத்த கோடு தெரியும், தூக்கி நிற்கும் வர்ணச்செதிலுக்கு நிழல் விழும். அனுப்பியவர் தந்த நிலை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு வெடிப்பையும் படத்தில் தேடுகிறோம், படத்தில் உள்ள ஒவ்வொரு வெடிப்பையும் அறிக்கையில் தேடுகிறோம். அங்கே பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டுமே.

ஒருமுறை, தனியார் ஒருவரிடமிருந்து இரவலாக வந்த எண்ணெய் ஓவியத்தில், கருநீலப் பகுதி முழுவதும் சுண்டைக்காய் அளவு மங்கிய வட்டங்கள் வரிசை வரிசையாக இருந்தன. நேரே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. யாரோ எப்போதோ குமிழ் உறையின் குமிழ்ப்பக்கம் ஓவியத்தில் படும்படி சுற்றி, வெப்பமான இடத்தில் பல நாள் வைத்திருந்திருக்கிறார்கள்; இளகிய வார்னிஷில் குமிழ்கள் பதிந்துவிட்டன. எங்கள் கையில் நடந்தது அல்ல என்பதை நிறுவ, பெட்டி திறந்த அரைமணிக்குள் எடுத்த அந்தச் சாய்வெளிச்சப் படங்கள் மட்டுமே இருந்தன. வீட்டில் ஓவியம் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முதலில் அமிலமற்ற மெல்லிய தாள், அதற்கு வெளியேதான் குமிழ் உறை, அதுவும் குமிழ்ப்பக்கம் வெளிநோக்கி இருக்க வேண்டும்.

கேள்வி: கூடங்களில் ஏன் இவ்வளவு இருட்டு? வயதானவர்களுக்குப் பெயர்ப்பலகைகூடத் தெரிவதில்லை.

பதில்: பெயர்ப்பலகை படிக்க முடியாமலிருப்பது எங்கள் குறைதான், எழுத்தைப் பெரிதாக்கி, பலகைக்கு மட்டும் தனியாக வெளிச்சம் தர முடியும், தர வேண்டும். ஆனால் பொருளின் மேல் விழும் வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. காகிதம், துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு; லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு. வெளிச்சம் செய்யும் சேதம் கூட்டுவட்டிபோலச் சேருகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். சரியாகச் சொன்னால் அது செலவழிந்துகொண்டே இருக்கும் சேமிப்பு, விளக்கை அணைத்துவைத்தால் செலவு நிற்கும், செலவழிந்தது திரும்பாது. 50 லக்ஸில் 100 மணி நேரம் இருப்பதும் 100 லக்ஸில் 50 மணி நேரம் இருப்பதும் ஏறக்குறைய ஒரே சேதம். ஆகவேதான் காகிதத்தில் வரைந்த படங்களைச் சில மாதங்களில் எடுத்துவிட்டு வேறு படங்களை மாட்டுகிறோம்.

இதற்கு அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகக் கித்தானில் தீட்டிய ஐந்து பெரிய சுவரோவியங்கள் கண்முன் நிற்கும் சான்று. 1964இல் அவை மேல்மாடி உணவுக்கூடம் ஒன்றில் மாட்டப்பட்டன. பெரிய ஜன்னல்கள், நிறைந்த வெயில். அவர் பயன்படுத்திய லித்தால் ரெட் என்ற சிவப்பு வெளிச்சத்தைத் தாங்காத நிறமி. செங்கருஞ்சிவப்பாக இருந்த பரப்புகள் வெளிறி நீலச்சாயல் பெற்றன. 1979இல் படங்களைக் கழற்றிச் சேமிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் மீண்டும் காட்டியபோது, இழந்த நிறத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, புரொஜெக்டர் மூலம் ஒளியாக அந்த ஓவியங்களின் மேல் பாய்ச்சினார்கள். விளக்கை அணைத்ததும் வெளிறிய படம் மறுபடியும் தெரியும். ஓவியத்தின் மேல் ஒரு சொட்டு வர்ணமும் படாமல் செய்த அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: ஓர் ஓவியத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டதாகச் சொல்வது உண்மையா, கட்டுக்கதையா?

பதில்: உண்மை. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் ‘படகு’ என்ற வெட்டுக்காகிதப் படைப்பு 47 நாள் தலைகீழாக இருந்தது. பார்வையாளர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். மோன்ட்ரியானின் ‘நியூயார்க் சிட்டி 1’ பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 2022இல் தெரியவந்தது. அதைத் திருப்பி மாட்டவில்லை. அது வண்ண ஒட்டுநாடாக்களால் ஆனது; 80 ஆண்டுப் பழைய நாடாக்கள் ஒரு திசையில் தொங்கிப் பழகியிருக்கின்றன, திருப்பினால் கழன்றுவிடலாம். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கதவில் நுழையாத அளவு பெரிய படைப்புகளை எப்படிக் கொண்டுபோகிறீர்கள்?

பதில்: கித்தானைச் சட்டகத்திலிருந்து கழற்றி, பெரிய விட்டமுள்ள உருளையில் வர்ணம் வெளிப்பக்கமாக இருக்கும்படி சுற்றலாம். உட்பக்கமாகச் சுற்றினால் வர்ணப்படலம் நெரிந்து மடியும். வெளிப்பக்கமாக இருந்தால் இழுபட்டு மெல்லிய வெடிப்போடு நிற்கும், விரிக்கும்போது அது மூடிக்கொள்ள வழியுண்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றலும் ஒரு காயம். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ 3.49 மீட்டர் உயரமும் 7.77 மீட்டர் அகலமும் கொண்டது. பல நாடுகளுக்குச் சுருட்டிச் சுருட்டியே கொண்டுபோனதில் அது பட்ட பாடு மிகுதி. இப்போது மாட்ரிட்டை விட்டு அது எங்கும் அனுப்பப்படுவதில்லை.

சுருட்டக் கூடாதென்றால் வழியை மாற்ற வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை 1941இல் வேல்ஸ் மலைப்பகுதியில் மேனட் என்ற கற்சுரங்கத்துக்கு மாற்றினார்கள். வான் டைக் தீட்டிய, குதிரைமேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் ஓவியம் 3.6 மீட்டருக்கும் மேல் உயரமானது. வழியிலிருந்த ரயில் பாலத்தின் அடியில் அந்தப் பெட்டி நுழையவில்லை. பாலத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பதால், கீழேயிருந்த சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். சுரங்கத்துக்குள் செங்கல் அறைகள் கட்டி, வெப்பமும் ஈரமும் மாறாமல் வைத்திருந்ததில் படங்களின் பழுது வெகுவாகக் குறைந்தது; அந்த அனுபவம்தான் போருக்குப் பின் கூடங்களின் காற்றைச் சீராக வைத்திருப்பதற்கு வலுவான வாதமாக அமைந்தது. பாரிஸின் லூவரிலும் 1939இல் சாமோத்ரேஸ் வெற்றித்தேவதைச் சிலையைப் பெரிய படிக்கட்டின்மேல் மரச்சரிவு அமைத்து, கயிறுகளால் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். அந்தச் சிறகுகள் துண்டுகளை இணைத்து உருவானவை என்பதை நினைத்தால், கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் உள்ளங்கை எப்படி வியர்த்திருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: நீங்கள் எதையாவது உடைத்திருக்கிறீர்களா? கேட்பதற்கு மன்னிக்கவும்.

பதில்: மன்னிப்பு வேண்டாம், கேட்க வேண்டிய கேள்விதான் இது. உடைத்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று, மரத்தின் மேல் சுண்ணச்சாந்தால் பூவேலை செய்து பொன்பூச்சிட்டது. கதவின் அகலத்தை அளந்திருந்தேன். கதவின் மேலே, அதைத் தானாக மூடவைக்கும் இரும்புக்கை நீட்டிக்கொண்டிருப்பதை அளக்கவில்லை. சட்டத்தின் மேல்மூலை அதில் உரசியது. விரல்நகம் அளவுள்ள ஓர் இலை உதிர்ந்து தரையில் விழுந்து, இரண்டு துண்டானது. அந்தச் சிறு ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது என்னோடு படத்தின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த மூத்தவர், “நடக்காதே தம்பி, அப்படியே நில்” என்றார். கட்டைகளை வரவழைத்து, படத்தை அங்கேயே இறக்கினோம். யாரும் காலடி வைக்காதபடி தரையைச் சுற்றிலும் நாடா ஒட்டினோம். துண்டுகளைத் தொடாமல் முதலில் படமெடுத்தோம். பிறகு பொடியையும் விடாமல் எல்லாவற்றையும் மெல்லிய தாளில் எடுத்து, சிறு பெட்டியில் வைத்து, பொருளின் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் எழுதினோம். பதிவாளருக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அதன் பிறகு எழுதிய அறிக்கையில் “கதவு இடித்தது” என்று தொடங்கினேன். மூத்தவர் அதை அடித்துவிட்டு, “கதவு நகரவில்லை, நாம்தான் நகர்ந்தோம்” என்றார். “மேல்நிலை அளக்கப்படாததால், தூக்கிச் செல்லும்போது சட்டத்தின் வலது மேல்மூலை கதவின் இரும்புக்கையில் பட்டது” என்று திருத்தி எழுதினேன். பாதுகாப்பு வல்லுநர் ஆறு வாரத்தில் இலையை மீண்டும் பொருத்திக் கொடுத்தார். பொடியெல்லாம் கிடைத்ததால் இடைவெளி இல்லாமல் பொருந்தியது என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். வேறோர் இடத்தில், மண்ணாலான பொருள் ஒன்றிலிருந்து உதிர்ந்துபோன சிறு காதுப்பகுதியை யாரோ கடைகளில் கிடைக்கும் உடனடிப் பசையால் ஒட்டி, சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடித்தபோது, ஒட்டு மஞ்சளித்து, சரியாக அமராமல், அதைப் பிரிக்கும் முயற்சியிலேயே மண் மேலும் உதிர்ந்தது. உடைந்ததைவிட மறைத்ததே பெரிய சேதம் செய்தது. ஆகவே ஒரு நிறுவனத்துக்கு நான் முதலில் சொல்வது: உடைத்ததைச் சொல்பவரைத் தண்டிக்காதீர்கள். தண்டித்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார்.

கேள்வி: புதிதாகச் செய்த காட்சிப்பெட்டியைப் பொருள் வைக்காமல் பல நாள் திறந்து போட்டிருப்பது ஏன்?

பதில்: வர்ணமும் பசையும் அழுத்தப் பலகைகளும் ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கி, ஈயத்தை வெள்ளைப்பொடியாக அரிக்கும், சிப்பியையும் பழைய காகிதத்தையும் கெடுக்கும். கம்பளித்துணியை விரித்தால் அதிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று இன்றும் பயன்படுகிறது: சந்தேகத்துக்குரிய பொருளின் துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளைச் சிறிது நீருடன் குழாயில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைக்கிறார்கள். தகடு மாறாமல் இருந்தால் அந்தத் துணியையோ பலகையையோ நம்பலாம். பெட்டி அழகாக இருக்கிறதா என்பதைவிட அதை முகர்ந்து பார்ப்பது எனக்கு முக்கியம். வாடை அடித்தால் மூட மாட்டேன்.

கேள்வி: நான் நுண்கலை படித்திருக்கிறேன், என் தம்பி தச்சு வேலை செய்கிறான். இருவரில் யாருக்கு இந்தத் துறை பொருந்தும்?

பதில்: இருவருக்குமே வாய்ப்பு உண்டு, சற்றுக் கூடுதலாக உங்கள் தம்பிக்கு. அளவெடுக்கவும், மரம் ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று புரிந்துகொள்ளவும், கருவிகளைப் பத்திரமாகப் பயன்படுத்தவும் அவர் ஏற்கெனவே பழகியிருப்பார். அவர் புதிதாகக் கற்க வேண்டியது, அருங்காட்சியகத்தில் எதையும் தானாகச் சரிசெய்துவிடக் கூடாது என்பதைத்தான். ஆடும் மூட்டைக் கண்டால் இறுக்கிவிடத் துடிக்கும் கையை அடக்கி, எழுதி வைத்துவிட்டு, வல்லுநரை அழைக்க வேண்டும். நல்ல தச்சர்களுக்கு இது மிகவும் கடினம். உங்களுக்கோ, பொருள்களையும் காலங்களையும் தெரிந்திருப்பது பலம். உடல் உழைப்பைக் கற்க வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு வந்த ஓவியர்களும் சிற்பிகளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட்டின் சுவர் வரைபடங்களைப்போல, கலைஞர் எழுதித்தந்த குறிப்பை வைத்து மற்றவர்கள் சுவரில் வரைந்தெடுக்கும் படைப்புகளும் உண்டு. அமெரிக்காவின் மாஸ் மோகா அருங்காட்சியகத்தில் 2008இல் திறக்கப்பட்ட அவருடைய 105 சுவர் வரைபடங்களை இளங்கலைஞர்களும் மாணவர்களும் அடங்கிய பெரிய குழு மாதக்கணக்கில் வரைந்தது. அங்கே கை நடுங்காமல் ஒரே அழுத்தத்தில் கோடு இழுக்கத் தெரிந்தவர்தான் தேவை.

தொடங்குவதற்கு, தற்காலிகக் கண்காட்சிகள் அமைக்கும் நாள்களில் கூடுதல் ஆள் எடுப்பார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். சட்டமிடும் கடையில் ஓராண்டு, மேடை அமைப்பில் ஓராண்டு என்பவை நல்ல முன்பயிற்சி. நேர்காணலில் நான் ஆள் எடுத்த காலத்தில், எவ்வளவு எடை தூக்க முடியும் என்று கேட்டதில்லை. “என்னால் முடியாது, இன்னோர் ஆள் வேண்டும்” என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள் என்று கேட்பேன். ஊதியம் பல இடங்களில் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை, தற்காலிக ஒப்பந்தங்களே மிகுதி. இதை மறைத்து உங்களை அழைக்க எனக்கு மனமில்லை. முதுகையும் முழங்காலையும் இளமையிலேயே காத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்காட்சி முடிந்த மறுநாள் கூடத்தில் என்ன நடக்கும்?

பதில்: வந்த வழியே எல்லாம் திரும்பும். காலிப் பெட்டிகள் ஒரு நாள் முன்பே கூடத்தின் காற்றுக்குப் பழகும்படி உள்ளே கொண்டுவரப்படும். படத்தை இறக்கி, அதே சாய்வெளிச்சத்தில், அதே அறிக்கையை வைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்போம். மாட்டியிருந்த மாதங்களில் புதிதாக ஒரு வெடிப்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடும்போது இரண்டு நிறுவனங்களின் ஆட்களும் பக்கத்தில் நிற்பார்கள். எண்ணிட்ட பையிலிருந்து அதே திருகாணிகள் அதே துளைகளுக்குப் போகும். வண்டி புறப்பட்ட பிறகு நாங்கள் கூடத்துக்குத் திரும்பி, ஆணித்துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். பிறகு சுவருக்கு வர்ணம். அது உலர்ந்து வாடை போகும்வரை அடுத்த பெட்டிகள் மூடியபடியே காத்திருக்கும்.